கல்லீரல் எம்.ஆர்.ஐ.: தமனிக் கட்டம் பிசகினால் என்ன ஆகும்

கல்லீரலுக்கு இரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் போர்ட்டல் சிரை வழியாக வரும். மீதிக் கால் பங்குதான் கல்லீரல் தமனி தருவது. கல்லீரல் செல்களிலிருந்தே கிளம்பும் புற்றுநோயான எச்.சி.சி., வளர வளர போர்ட்டல் சிரையை விட்டுவிட்டுத் தமனி இரத்தத்தையே நம்பத் தொடங்குகிறது. கையில் ஏற்றிய கான்ட்ராஸ்ட் மருந்து முதலில் தமனி வழியாகத்தான் கல்லீரலை எட்டும். அந்தச் சில நொடிகளுக்குக் கட்டி வெள்ளையாக மின்னும்; இதுதான் தமனிக் கட்டம். சுற்றியுள்ள கல்லீரல் இன்னும் மங்கலாகவே இருக்கும். பிறகு, போர்ட்டல் கட்டத்தில், போர்ட்டல் சிரை தன் பங்கைக் கொண்டுவந்ததும் கல்லீரல் வெளுத்துவிடும், கட்டி கறுத்துப்போகும்; இதற்கு ‘வாஷவுட்’ என்று பெயர். கல்லீரல் எம்.ஆர்.ஐ.யில் நோயறிதலின் பெரும்பகுதி இந்த மாற்றத்தில் இருக்கிறது.

ஆகவே, ரிப்போர்ட் எழுதுபவர் எவ்வளவு அனுபவசாலி என்பதைவிட, ஸ்கேன் எடுக்கும்போது அந்தச் சில நொடிகள் சரியாகப் பிடிபட்டனவா என்பதுதான் முதல் கேள்வி. நீர் அதிகமுள்ள இடத்தை வெள்ளையாகக் காட்டும் டி2 படம் குலைந்தால் திரும்ப எடுக்கலாம். திசுவில் நீரின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் படம் சரியில்லை என்றால் இன்னொரு முறை ஓட்டலாம். தமனிக் கட்டம் தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான். மருந்து ஏற்கெனவே உடம்புக்குள் போய்விட்டது.

எந்த மருந்து என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கேடோலினியம் என்ற உலோகம் கொண்ட கான்ட்ராஸ்ட் மருந்துகளில் கல்லீரலுக்குப் பயன்படுபவை இரண்டு வகை. முதல் வகை செல்களுக்குள் நுழையாது. இரத்தக் குழாய்களிலும் செல்களுக்கு வெளியே உள்ள இடைவெளியிலும் மட்டும் பரவி, சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும். கேடோட்டரேட், கேடோபியூட்ரால் இரண்டும் இந்த வகை. அளவு எடைக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிமோல். கேடோட்டரேட்டின் செறிவு மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிமோல் என்பதால் 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மி.லி. தேவைப்படும், கேடோபியூட்ராலின் செறிவு இரு மடங்கு, எனவே 6 மி.லி. போதும். குப்பியை மாற்றும்போது கணக்கையும் மாற்ற மறந்தால் பாதி அளவோ இரட்டை அளவோ போய்ச் சேரும்.

இரண்டாம் வகை கல்லீரல் செல்களுக்குள்ளேயே போகும். கேடோக்ஸெட்டேட்தான் இதில் முக்கியமானது; ப்ரிமோவிஸ்ட், இயோவிஸ்ட் என்ற பெயர்களில் வருவது இதுவே. ஏற்றிய மருந்தில் ஏறத்தாழ பாதியைக் கல்லீரல் செல்கள் உறிஞ்சிப் பித்தநீரில் தள்ளும், மறுபாதி சிறுநீரகம் வழியாகப் போகும். 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில், வேலை செய்யும் கல்லீரல் செல் இருக்கும் இடமெல்லாம் வெள்ளையாகவும், இல்லாத இடம் கறுப்பாகவும் தெரியும். அளவு கிலோவுக்கு 0.025 மில்லிமோல், அதாவது கிலோவுக்கு 0.1 மி.லி. கேடோபெனேட் என்ற மருந்தும் கொஞ்சம் உள்ளே போகும், ஆனால் 3 முதல் 5 சதவீதம்தான். அந்தக் கட்டத்துக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

கேடோக்ஸெட்டேட் என்றால் உயர்ந்தது, மற்றது மட்டம் என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. அது சரியல்ல. பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கிறதா, அறுவைக்கு முன் எத்தனை கட்டிகள் என்று எண்ண வேண்டுமா? கேடோக்ஸெட்டேட்டுக்கு இணை கிடையாது. மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் பரவல்கூட வெள்ளைக் கல்லீரலில் கரும்புள்ளியாக நிற்கும். எஃப்.என்.எச்.சா அடினோமாவா (இரண்டும் கல்லீரல் செல்களாலான தீங்கற்ற கட்டிகள்) என்ற கேள்விக்கும் அதுதான். ஆனால் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) உள்ளவருக்கு எச்.சி.சி. சந்தேகம், மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிரூபின் டெசிலிட்டருக்கு 3 மி.கி.க்கு மேல் ஏறிவிட்டது என்றால் கல்லீரல் மருந்தை ஒழுங்காக உறிஞ்சாது. 20 நிமிடம் காத்திருந்தும் சாம்பல் நிறக் கல்லீரல்தான் மிஞ்சும். அப்படிப்பட்டவருக்குச் செல்லுக்குள் போகாத மருந்தே மேல். தமனிக் கட்டமும் தெளிவாகக் கிடைக்கும். இரத்தக் குழாய்களாலான தீங்கற்ற கட்டியான ஹெமாஞ்சியோமாதானா என்று உறுதிப்படுத்த மட்டும் வருபவருக்கும் அதே பதில்.

ஸ்கேனுக்கு முன் சில வேலைகள். நான்கு மணி நேரம் வெறும் வயிறு. சிறுநீரக வடிகட்டல் வீதம் தெரிந்திருக்க வேண்டும். 30க்குக் கீழே என்றால் மருந்து உண்மையிலேயே தேவையா என்று பரிந்துரைத்த மருத்துவரிடம் பேச வேண்டும். முன்பு கேடோலினியம் ஏற்றியபோது ஒவ்வாமை வந்ததா, கர்ப்பம் உண்டா, பேஸ்மேக்கர், காக்ளியர் கருவி, மூளைக் குழாயில் கிளிப் ஏதும் இருக்கிறதா என்பதெல்லாம் வழக்கமான கேள்விகள். முழங்கை மடிப்பில் 20 கேஜ் ஊசிக்குழாய் போதும். புறங்கையில் மெல்லிய குழாய் போட்டால் மருந்து இழுபட்டுப் போய்ச் சேரும், தமனிக் கட்டம் மழுங்கும்.

பலரும் அவசரத்தில் விட்டுவிடுவது மூச்சுப் பயிற்சி. ஸ்கேனருக்குள் அனுப்புவதற்கு முன்பே, மூச்சை வெளியே விட்டு அப்படியே 15 நொடி நிறுத்தச் சொல்லிப் பழக்க வேண்டும். உள்ளே இழுத்து நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் கல்லீரல் வேறு வேறு உயரத்தில் நிற்கும். வெளியே விட்டு நிறுத்தினால் ஏறக்குறைய அதே இடத்துக்கு வரும். பின்னால் கழித்தல் படம் (மருந்துக்குப் பிந்தைய படத்திலிருந்து முந்தையதைக் கழிப்பது) போடும்போது இந்த வித்தியாசம் தெரியும். முடியாதவர் என்று அப்போதே தெரிந்தால், ஸ்கேன் நேரத்தைக் குறைத்து, துல்லியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, 10 நொடிக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும்.

மருந்துக்கு முன் எடுப்பவை: டி2 படங்கள், இன்-ஃபேஸும் அவுட்-ஆஃப்-ஃபேஸும் (நீர், கொழுப்பு சமிக்ஞைகள் ஒன்றுசேரும் கணத்திலும் ஒன்றையொன்று குறைக்கும் கணத்திலும் எடுப்பவை), டிஃப்யூஷன், கொழுப்பை அடக்கிய முப்பரிமாண டி1 (மருந்து சேர்ந்த இடத்தை வெள்ளையாகக் காட்டுவது). இன்-ஃபேஸ், அவுட்-ஆஃப்-ஃபேஸ் படங்கள் மருந்துக்கு முன்னால்தான் எடுக்க வேண்டும். சமிக்ஞையைப் பிடிக்கும் நேரம் 1.5 டெஸ்லா கருவியில் அவுட் 2.3 மில்லிநொடி, இன் 4.6 மில்லிநொடி, 3 டெஸ்லாவில் அவுட் 1.15, இன் 2.3. அவுட் படத்தில் கறுத்தால் கொழுப்பு, பிந்தைய இன் படத்தில் கறுத்தால் இரும்பு. சில கருவிகளில் அவுட் படத்தை இன்னுக்குப் பின்னால் எடுக்குமாறு அமைத்துவிடுகிறார்கள். அப்போது இரண்டு காரணங்களும் ஒரே திசையில் கறுப்பாக்கி, கொழுப்பா இரும்பா என்று பிரிக்க முடியாமல் போகும்.

கேடோக்ஸெட்டேட் போடுவதாக இருந்தால் டி2, டிஃப்யூஷன் இரண்டையும் மருந்துக்குப் பிறகு அந்த 20 நிமிடக் காத்திருப்பில் எடுத்துக்கொள்ளலாம், மொத்த நேரம் மிச்சம். பித்தக்குழாய்ப் படத்தை மட்டும் அப்படித் தள்ளிப்போடக் கூடாது: மருந்து பித்தநீரில் இறங்கிவிட்டால் டி2 படத்தில் குழாய் கறுத்துவிடும்.

டிஃப்யூஷனில் பி மதிப்பு (நீரின் நகர்வை எவ்வளவு நுட்பமாக உணர்கிறது என்பதன் அளவு) 50, 400, 800 என்று மூன்று எடுத்தால் வேலைக்கு ஆகும். இதயத்தை ஒட்டிய இடது பகுதியில் இதயத் துடிப்பால் சமிக்ஞை விழுந்துவிடும்; அங்கே ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஒன்றும் இல்லை என்று எழுதக் கூடாது.

இனி மருந்து ஏற்றும் நேரம். செல்லுக்குள் போகாத மருந்து நொடிக்கு 2 மி.லி., கேடோக்ஸெட்டேட் நொடிக்கு 1 மி.லி., இரண்டுக்கும் பின்னால் அதே வேகத்தில் 20 முதல் 30 மி.லி. சலைன். ஊசி போட்டு இத்தனையாவது நொடியில் ஸ்கேன் என்று எல்லோருக்கும் ஒரே கணக்கு வைப்பது ஆபத்தான சோம்பல். இதயம் பலவீனமானவருக்கு மருந்து வயிற்றுத் தமனியை எட்டவே பத்துப் பதினைந்து நொடி கூடுதலாகும். மருந்து மகாதமனிக்கு வருவதைத் திரையில் பார்த்து, அதிலிருந்து கணக்கிட வேண்டும்.

இங்கேதான் பலர் வழுக்குவது. ஸ்கேன் தொடங்கும் நொடி முக்கியமல்ல. படத்தின் வெள்ளை கறுப்பைத் தீர்மானிக்கும், கே-ஸ்பேஸின் (ஸ்கேனர் சேர்க்கும் மூலத் தரவின்) மையம் எந்த நொடியில் நிரம்புகிறது என்பதுதான் முக்கியம். மகாதமனியில் மருந்து தெரிந்து சுமார் 15 நொடியில் மையம் நிரம்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மையத்தை முதலில் நிரப்பும் முறை என்றால் 15ஆவது நொடியில் ஸ்கேனைத் தொடங்கலாம். வரிசையாக நிரப்பும் முறையில் 16 நொடி ஸ்கேன் என்றால், மையம் வருவது ஸ்கேன் தொடங்கி எட்டாவது நொடியில். ஆகவே 7ஆவது நொடியிலேயே தொடங்க வேண்டும். அதற்குள் மூச்சை விட்டு நிறுத்தச் சொல்லும் அறிவிப்பும் முடிந்திருக்க வேண்டும். உங்கள் கருவியில் எந்த முறை என்று தெரியாமல் வேறொரு இடத்தின் நெறிமுறையை அப்படியே நகலெடுத்தால் தமனிக் கட்டம் தொடர்ந்து எட்டு நொடி பிசகிக்கொண்டே இருக்கும். ஏன் என்று யாருக்கும் புரியாது.

சரியாக வந்ததா என்று மேசையிலேயே பார்த்துவிடலாம். நமக்கு வேண்டியது பிந்தைய தமனிக் கட்டம்: கல்லீரல் தமனி நன்றாக வெளுத்திருக்கும், போர்ட்டல் சிரையில் மருந்து எட்டிப்பார்த்திருக்கும், கல்லீரல் சிரைகள் இன்னும் கறுப்பாகவே இருக்கும். மண்ணீரல் வரிவரியாகவும், சிறுநீரகத்தின் புறணி தனியாகவும் தெரியும். போர்ட்டல் சிரையில் துளி மருந்தும் இல்லை என்றால் சீக்கிரம் எடுத்துவிட்டோம். தமனி ஊட்டம் மிகுந்த கட்டிகூட வெளுக்காமல் இருந்துவிடலாம். கல்லீரல் சிரைகளும் வெளுத்துவிட்டால் தாமதமாகிவிட்டது. இரண்டில் எதுவானாலும் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால், “தமனிக் கட்டத்தில் வெளுக்கவில்லை” என்ற வாக்கியம் கட்டியின் குணமாகப் படிக்கப்படும்.

கேடோக்ஸெட்டேட்டுக்கு இந்தக் கட்டத்தில் இரண்டு தனிப் பிரச்சினைகள் உண்டு. ஒன்று, மருந்தின் அளவே 6, 7 மி.லி.தான். வேகமாக ஏற்றினால் ஊசி மூன்று நொடியில் முடிந்துவிடும். மையம் நிரம்பும்போதே செறிவு ஏறி இறங்கி, படத்தில் அலை அலையாகக் கோடுகள் விழும். நொடிக்கு 1 மி.லி. என்ற மெதுவான வேகம் அதற்காகத்தான். இரண்டு, மருந்து போன சில நொடிகளில் சிலருக்கு மூச்சை நிறுத்த முடியாமல் போய்விடும். அதற்கு முன்னும் பின்னும் நன்றாக நிறுத்தியவர், தமனிக் கட்டத்தில் மட்டும் குலைத்துவிடுவார். அவரைக் கடிந்துகொண்டு பயனில்லை. இது மருந்தோடு வரும் அறியப்பட்ட விளைவு. ஒரே மூச்சில் இரண்டு மூன்று குறுகிய தமனிக் கட்டங்களை அடுத்தடுத்து எடுத்தால் ஒன்றாவது தப்பும். இயல்பாக மூச்சு விட்டபடியே எடுக்கும் ஆரமுறைத் தொடர் இருந்தால் இன்னும் நல்லது.

போர்ட்டல் கட்டம் 60 முதல் 80 நொடி, அடுத்தது 3 முதல் 5 நிமிடம். கேடோக்ஸெட்டேட்டில் அந்த மூன்றாவது நிமிடத்தைத் தாமதக் கட்டம் என்று அழைப்பதே குழப்பத்தின் தொடக்கம். அதற்குள் மருந்து செல்களுக்குள் போகத் தொடங்கிவிட்டது. அது இடைநிலைக் கட்டம். கல்லீரல் வெளுப்பதால் கல்லீரல் செல் இல்லாத எதுவும் கறுப்பாகத் தெரியும், ஹெமாஞ்சியோமா உட்பட. அதைப் பார்த்து ‘வாஷவுட்’ என்று எழுதினால் சாதாரண ஹெமாஞ்சியோமா புற்றுநோயாகிவிடும். கேடோக்ஸெட்டேட் போட்ட ஸ்கேனில் வாஷவுட் என்ற தீர்ப்பு போர்ட்டல் கட்டத்தில் மட்டும்தான் செல்லும். ஹெமாஞ்சியோமாவைக் காப்பாற்றுவது வேறு இரண்டு குணங்கள்: டி2 படத்தில் அது பளிச்சென்று வெளுத்திருக்கும், எல்லாக் கட்டத்திலும் அதன் வெளுப்பு பக்கத்து இரத்தக் குழாயின் வெளுப்போடு ஒத்துப்போகும்.

20 நிமிடப் படத்துக்கு ஃபிளிப் கோணத்தை (ரேடியோ துடிப்பு காந்தத் திசையைச் சாய்க்கும் அளவை) வழக்கமான 10, 12 டிகிரியிலிருந்து 25, 30க்கு ஏற்றினால் கட்டிக்கும் கல்லீரலுக்கும் உள்ள வித்தியாசம் கூடும். கல்லீரல் அதன் இரத்தக் குழாய்களைவிட வெளுத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கட்டம் போதாதது. கட்டி தெரியவில்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

படிக்கும்போது கட்டியைவிட, அது எந்தக் கல்லீரலில் உட்கார்ந்திருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரோக்கியமான கல்லீரலில் தமனிக் கட்டத்தில் சீராக வெளுத்து, போர்ட்டல் கட்டத்தில் கல்லீரலோடு கலந்துவிடும் ஒன்று பெரும்பாலும் எஃப்.என்.எச்.; நடுவில் டி2வில் வெளுத்த தழும்பு இருந்து, அது தாமதமாக வெளுத்தால் இன்னும் உறுதி. கேடோக்ஸெட்டேட்டின் 20ஆவது நிமிடத்தில் அது கல்லீரலளவோ அதற்கு மேலோ வெளுத்திருக்கும். அடினோமா பெரும்பாலும் கறுத்துவிடும். ஹெச்.என்.எஃப்.1ஏ வகை அடினோமாவில் கொழுப்பு இருப்பதால் அவுட் படத்தில் சமிக்ஞை விழும். அழற்சி வகை டி2வில் வெளுக்கும். பீட்டா-கேட்டனின் மாற்றம் உள்ள அடினோமா சில நேரம் மருந்தை உறிஞ்சி எஃப்.என்.எச். போலவே நடிக்கும். புற்றுநோயாக மாறும் அபாயம் அதிகமுள்ளதும் அதுவே என்பதால், ஒரே ஒரு கட்டத்தை நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது.

சிரோசிஸ் அல்லது நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ள, 18 வயது நிரம்பியவருக்கு கட்டிகளை எச்.சி.சி. வாய்ப்பின்படி தரம் பிரிக்கும், அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் லை-ராட்ஸ் முறை இருக்கிறது. 2018 பதிப்பின்படி, விளிம்பில் மட்டும் இல்லாமல் தமனிக் கட்டத்தில் வெளுக்கும் கட்டி 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து, வாஷவுட், உறை, ஆறு மாதத்துக்குள் 50 சதவீத வளர்ச்சி ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலே எல்.ஆர்-5, அதாவது திட்டவட்டமாக எச்.சி.சி.; திசுப் பரிசோதனை இல்லாமலேயே சிகிச்சைக்குப் போகலாம். 10 முதல் 19 மி.மீ. என்றால் வாஷவுட்டோ அந்த வளர்ச்சியோ வேண்டும். உறை மட்டும் இருந்தால் எல்.ஆர்-4, அதாவது பெரும்பாலும் எச்.சி.சி. என்பதுதான். இத்தனை கனமான முடிவு தமனிக் கட்ட வெளுப்பு என்ற ஒற்றைக் காலில் நிற்கிறது. கட்டியை அளப்பதும் தமனிக் கட்டத்தில் வேண்டாம். சுற்றிலும் தமனி ஊட்டம் பரவி அளவைப் பெரிதாக்கிக் காட்டும். விளிம்பு தெளிவாகத் தெரியும் வேறு கட்டத்தில், வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளக்க வேண்டும்.

விளிம்பு மட்டும் வளையமாக வெளுத்து, நடுப்பகுதி தாமதமாக நிரம்பினால் அது எல்.ஆர்-எம், அதாவது புற்றுநோயாக இருக்கலாம், ஆனால் எச்.சி.சி.க்கே உரிய தோற்றம் அல்ல; பித்தக்குழாய்ப் புற்றுநோயை நினைக்க வேண்டும், கல்லீரலின் மேற்பரப்பு அங்கே உள்வாங்கியிருந்தால் இன்னும் அதிகமாக. பட்-கியாரி போன்ற இரத்தக் குழாய் நோயால் வந்த சிரோசிஸுக்கு லை-ராட்ஸ் பொருந்தாது. அங்கே தமனி ஊட்டம் மிகுந்த தீங்கற்ற முடிச்சுகளும் வரும் என்பதே காரணம்.

20ஆவது நிமிடத்தில் கறுத்ததெல்லாம் புற்றல்ல. நீர்க்கட்டியும் ஹெமாஞ்சியோமாவும் கறுக்கும். வெளுத்ததெல்லாம் நல்லதும் அல்ல, எச்.சி.சி.யில் சுமார் பத்தில் ஒன்று மருந்தை உறிஞ்சி வெளுத்தே நிற்கும். தமனிக் கட்டத்தில் கல்லீரலின் ஓரத்தில் ஆப்பு வடிவில் வெளுத்து, வேறு எந்தப் படத்திலும் தெரியாத ஒன்று பெரும்பாலும் தமனிக்கும் போர்ட்டல் சிரைக்கும் இடையிலான குறுக்குவழி. சிரோசிஸில் இது மிகச் சாதாரணம்.

மருந்துக்கு முன்பே டி1 படத்தில் வெளுத்திருக்கும் முடிச்சுகளைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கழித்தல் படம் வேண்டும். எரித்துச் சிகிச்சை செய்த இடமும் அப்படித்தான். இரத்தம் உறைந்து டி1வில் வெள்ளையாகவே நிற்கும். கழித்தல் சரியாக வர, முன்னும் பின்னும் ஒரே அமைப்பு, ஒரே கெய்ன் (சமிக்ஞைப் பெருக்கம்), ஒரே மூச்சு நிலை வேண்டும். கட்டியின் ஒரு பக்கம் வெள்ளைப் பிறையும் எதிர்ப்பக்கம் கறுப்புப் பிறையும் தெரிந்தால், அது ஊட்டமல்ல, இரண்டு படமும் இடம் பெயர்ந்தது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கு நெஃப்ரோஜெனிக் சிஸ்டமிக் ஃபைப்ரோசிஸ் என்ற தோல் இறுகும் நோய்க்கும் கேடோலினியத்துக்கும் உள்ள தொடர்பு 2006இல் தெரியவந்தது. 2017இல் ஐரோப்பிய மருந்து முகமை சிரை வழி ஏற்றும் நேர்ச்சங்கிலி மருந்துகள் (கேடோலினியத்தை மூடிய வளையத்தில் அல்லாமல் திறந்த சங்கிலியில் பிடித்திருப்பவை) பலவற்றை நிறுத்தியபோதும், கேடோக்ஸெட்டேட்டையும் கேடோபெனேட்டையும் கல்லீரலுக்கு மட்டும் அனுமதித்தது; ஈடு செய்ய வேறு மருந்து இல்லை என்பதே காரணம். வளைய அமைப்புள்ள கேடோட்டரேட், கேடோபியூட்ரால் இரண்டும் கேடோலினியத்தை இறுகப் பிடித்துவைப்பவை, அபாயம் மிகக் குறைவு.

பரிந்துரைச் சீட்டில் “கல்லீரல் கட்டி, எம்.ஆர்.ஐ. தேவை” என்று மட்டும் எழுதி அனுப்புவது யாருக்கும் உதவாது. சிரோசிஸ் உண்டா, ஹெபடைட்டிஸ் பி உண்டா, வேறு எங்காவது புற்றுநோய் இருந்ததா, கருத்தடை மாத்திரை எடுக்கிறாரா, பிலிரூபின் எவ்வளவு, ஏ.எஃப்.பி. (எச்.சி.சி.யில் கூடக்கூடிய இரத்தப் பரிசோதனை அளவு) எவ்வளவு, முன்பு என்ன சிகிச்சை என்பவை வேண்டும். மருந்தைத் தேர்ந்தெடுப்பதே இவற்றை வைத்துத்தான். பழைய படங்களும் கூடவே வர வேண்டும், முடிந்தால் எந்த மருந்து போட்டு எடுத்தது என்ற விவரத்தோடு. முதல் ஸ்கேன் கேடோக்ஸெட்டேட்டிலும் மூன்று மாதம் கழித்து எடுத்தது கேடோட்டரேட்டிலும் இருந்தால், புதிதாகத் தெரியும் வாஷவுட் கட்டியின் மாற்றமா மருந்தின் மாற்றமா என்று பிரிக்கவே பாதி நேரம் போய்விடும். எல்.ஆர்-3 (எச்.சி.சி.யா இல்லையா என்று தீர்மானிக்க முடியாத இடைநிலை) என்று கண்காணிப்பில் இருப்பவருக்கு அதே மருந்து, முடிந்தால் அதே கருவி.